உங்களுக்குத் தெரியுமா? மைனஸ் 18-ல் மொச்சை!

வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், ஒரு மலையைக் குடைந்து உலகத்து விதைகளையெல்லாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 2008 பிப்ரவரி 26-ல் திறந்த பெட்டகம். உள்ளே எவ்வளவு குளிர் தெரியுமா? மைனஸ் 18 டிகிரி! உங்கள் பெங்களூரு ஃப்ளாட்டின் யுடிலிட்டியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ரீசர் வாங்கிப் போட்டால் அதுவும் அதே மைனஸ் 18 தான்!

டில்லியில் இருக்கும் நம் தேசிய மரபணு வங்கியும் விதைகளை வைத்திருப்பது அதே மைனஸ் 18-ல்!

அது என்ன 18? முழுசாக 20 என்று வைத்துவிட்டுப் போகலாமே? காரணம் ஃபாரன்ஹீட்! பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட்டை செல்சியஸுக்கு மாற்றிப் பாருங்கள். மைனஸ் 17.8 வரும்! 1724-ல் ஐஸும் நவச்சாரமும் கலந்து அந்தப் பூஜ்ஜியத்தைக் குறித்தார் ஃபாரன்ஹீட். முந்நூறு வருடம் கழித்தும் நம் வீட்டு ஐஸ் டிரே அவர் பேச்சைத்தான் கேட்கிறது!

"18 எதற்கு, 15 போதுமே" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. 2023-ல் துபாயில் நடந்த பருவநிலை மாநாட்டையொட்டி வந்த யோசனை இது. வெறும் 3 டிகிரி! அந்த மூன்று டிகிரியில் உலகம் முழுக்க மிச்சமாகும் கரண்ட்டைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் அவசரப்பட்டுத் திருகிவிடாதீர்கள். இப்போதைக்கு 18 தான்!

சரி, பெங்களூரில் இன்னொரு ஃப்ரீசர் எதற்கு? ஐஸ்கிரீமுக்கு என்றா நினைத்தீர்கள்? ஜனவரியில் வந்து பாருங்கள். அவரேகாளு! நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் மொச்சை என்பார்களே, அதேதான். மாகடியிலிருந்தும் கோலாரிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். இதற்கென்றே ஒரு திருவிழா! வி.வி.புரம் சஜ்ஜன் ராவ் சர்க்கிளில் நடந்துகொண்டிருந்த அவரேபேளே மேளா, 2023-ல் பசவனகுடி நேஷனல் காலேஜ் மைதானத்துக்கே போய்விட்டது. தோசையில் அவரை, ஹோளிகே என்கிற போளியில் அவரை. ஜிலேபியில்கூட அவரை!

காயைக் கிள்ளினால் விரலில் ஒட்டும் எண்ணெய்ப் பசை, அதிலிருந்து எழும் ஒரு வாசனை. கன்னடத்தில் அதற்குத் தனிப்பெயரே உண்டு. சொகடு! பனி விழ விழத்தான் சொகடு ஏறும் என்று சத்தியம் செய்வார்கள் வியாபாரிகள். பனி போச்சு, வாசனையும் போச்சு. மொத்த சீசனே சில வாரம்தான்!

அதிலும் உச்சம், பிதுக்குப் பருப்பு. ராத்திரி முழுக்க ஊறிய கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து. தோல் கையில் நிற்கும். பருப்பு பாத்திரத்துக்குள் துள்ளி விழும். சில சமயம் பாத்திரத்தைத் தாண்டி சோஃபாவுக்கு அடியில்! ஒரு கிலோ பிதுக்குவதற்குள் விரல் நுனி ஊறிச் சுருங்கிவிடும். டிவியில் இரண்டு சீரியல் முடிந்திருக்கும். இத்தனை பாடுபட்டு எடுத்த பருப்பை மூன்றே நாளில் குழம்பு வைத்துத் தீர்க்க யாருக்கு மனசு வரும்? அங்கேதான் வருகிறது டீப் ஃப்ரீசர்! ஒழுங்காக உறைந்த காய்கறிக்கு ஆயுள் 8 முதல் 12 மாதம். அதாவது, அடுத்த அவரை சீசன் வரைக்கும்!

அப்படியே கவரில் போட்டுத் தூக்கி வைத்தால் போதுமா? போதாது! காய்க்குள் இருக்கும் என்சைம்கள் மைனஸ் 18-லும் மெல்ல மெல்ல வேலை பார்க்கும். நிறம் மங்கும், ருசி போகும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டும். நம் மொச்சையின் வெளிநாட்டுப் பங்காளி லைமா பீன்ஸுக்கு அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக மையம் சொல்லும் கணக்கு இது: சின்னக் கொட்டைக்கு 2 நிமிடம், நடுத்தரத்துக்கு 3, பெரிசுக்கு 4. பச்சைப் பட்டாணிக்கோ வெறும் ஒன்றரை நிமிடம்!

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பெங்களூரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை! ஊர் சுமார் 3,000 அடி உயரம். இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்! பயப்பட வேண்டாம், 5,000 அடிக்கு மேல் இருப்பவர்கள்தான் கூட ஒரு நிமிடம் விட வேண்டுமாம். நாம் தப்பித்தோம். ஊட்டியில் இருக்கும் உங்கள் சித்தி தப்பவில்லை. அவர் வீடு 7,300 அடி!

இப்போது கடைக்குப் போவோம். எத்தனை லிட்டர் வாங்குவது? ஒரு கன அடி இடம் என்பது 28 லிட்டர். அதற்குள் சுமார் 16 கிலோ சாமான் அடங்கும்! 100 லிட்டர் பெட்டியில் 50 கிலோவுக்கு மேல் போகும். ஆளுக்கு ஒன்றரை கன அடி என்பது பழைய கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 170 லிட்டர் போதும். 300 லிட்டரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். கடைக்காரர் அதைத்தான் முதலில் காட்டுவார்!

50 கிலோ பிடிக்கிறதே என்று ஒரே நாளில் 50 கிலோவை உள்ளே தள்ளாதீர்கள்! 24 மணி நேரத்தில் ஒரு கன அடிக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் கொஞ்சம் கூட. 100 லிட்டர் பெட்டி என்றால் நாளொன்றுக்கு நாலு கிலோ வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் திணித்தால் எல்லாம் மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் ஐஸ் பெரிய பெரிய துண்டாகக் கட்டும். அது காயைக் கிழித்துவிடும். அப்புறம் எடுத்து வெளியே வைத்தால் சொதசொத!

இந்த ரகசியத்தை வைத்தே கோடீஸ்வரர் ஆனவர் ஒருவர் உண்டு. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ! கனடாவின் லாப்ரடாரில், பிடித்த மீன் கண் முன்னே விறைத்துப் போவதைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி மெஷின் செய்தார். 1929-ல் கம்பெனியை விற்றார். விலை 2 கோடியே 20 லட்சம் டாலர்! மறு வருடம் மார்ச் 6-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் 18 கடைகளில் உறைந்த பட்டாணியும் மீனும் விற்பனைக்கு வந்தன!

மேலே மூடி திறக்கும் பெட்டி வகையா, பீரோ மாதிரி நிற்கும் வகையா? குளிர்ந்த காற்று கனமானது. பெட்டியைத் திறந்தால் அது உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பீரோவைத் திறந்தால் உங்கள் காலில் கொட்டும்! கரண்ட் செலவில் பெட்டி ஜெயிக்கும். தேடி எடுப்பதில் பீரோ ஜெயிக்கும். முட்டிவலிக்காரர்கள் பீரோ பக்கம் போங்கள்.

கண்ணாடி மூடி போட்டது பார்க்க அழகு! ஆனால் அது ஐஸ்கிரீம் கடைக்காரருக்கு. கண்ணாடி வழியே குளிர் கசியும், மீட்டர் ஓடும். வீட்டுக்குக் கண்ணாடி இல்லாத ஹார்ட் டாப்தான். அதில் பூட்டு சாவியும் உண்டு. சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விளையாட்டாக உள்ளே ஒளிந்துகொண்ட குழந்தைகள் மாட்டிக்கொண்டு இறந்ததால், 1956-ல் அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது. ஃப்ரிட்ஜ் கதவு உள்ளேயிருந்து தள்ளினாலும் திறக்க வேண்டும்!

பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். யாருமே பார்ப்பதில்லை! என் என்றால் 32 டிகிரி வெயில் வரைக்கும் தாங்கும். எஸ்டி என்றால் 38. டி என்றால் 43! பெங்களூர்தான் குளிர் ஊராச்சே, எஸ்டி போதும் என்கிறீர்களா? 2016 ஏப்ரல் 24-ல் இந்த ஊர் தொட்ட வெயில் எவ்வளவு தெரியுமா? 39.2! டி கேட்டு வாங்குங்கள்!

அதே ஊர் 1884 ஜனவரி 13-ல் 7.8 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. இந்த ஸ்டிக்கர் எழுத்து ரகங்களில் அதிகக் குளிர் தாங்குவதற்குக்கூடச் சுற்றுப்புறம் குறைந்தபட்சம் 10 டிகிரி இருக்க வேண்டும்!

உள்ளே ஓடும் வாயு என்ன தெரியுமா? புது மாடல்கள் பலவற்றில் ஐசோபியூட்டேன்! சமையல் கேஸின் நெருங்கின சொந்தம். பழைய ஆர்134ஏ வாயு பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட 1,400 மடங்குக்கு மேல் பொல்லாதது. ஐசோபியூட்டேன் வெறும் 3 மடங்கு!

இனி கரண்ட் பில்லுக்கு வருவோம். 1905 ஆகஸ்ட் 5. சிவனசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்தில் பெங்களூருத் தெருவிளக்குகள் எரிந்த நாள். 2023 ஆகஸ்ட் 5. கலபுரகியில் 'கிருஹ ஜோதி' இலவச மின்சாரத் திட்டம் தொடங்கிய நாள். நடுவே சரியாக 118 வருடம்! இந்தப் பொருத்தத்தை வேறு எங்கேயாவது படித்தீர்களா?

அந்த கிருஹ ஜோதியில்தான் ஃப்ரீசர் கை வைக்கும். உஷார்! உங்கள் வீட்டின் பழைய சராசரியோடு கொஞ்சம் கூட்டித்தான் இலவசம். மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில்! ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு 365 யூனிட் என்று போட்டிருந்தால் தினம் ஒரு யூனிட், மாதம் 30. இதுவரை 175 வந்த வீட்டுக்கு இனி 205. வெறும் 5 யூனிட் தாண்டியதற்கு 205 யூனிட்டுக்கும் காசு! டீப் ஃப்ரீசருக்கு ஸ்டார் கொடுக்கும் வழக்கமே 2020-ல்தான் வந்தது. அதற்கு முந்தின செகண்ட் ஹேண்ட் பெட்டியை யாராவது சல்லிசாகத் தந்தால், முதலில் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்!

கரண்ட் போச்சா? மூடியைத் திறக்காதீர்கள்! நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம்தான். சாதா ஃப்ரிட்ஜோ வெறும் 4 மணி நேரம்!

ஆகவே காலி இடத்தைக் காலியாக விடாதீர்கள். தண்ணீர் பாட்டில் போடுங்கள். ஒரு லிட்டர் ஐஸ் உருகுவதற்கு எவ்வளவு சூட்டைக் குடிக்கும் தெரியுமா? அதே ஒரு லிட்டர் தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகும் சூடு! கழுத்து வரை மட்டும் நிரப்புங்கள். உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் விரியும். முட்ட நிரப்பினால் பாட்டில் பிளந்துவிடும்!

கட்டி கட்டியாகச் சேர்ந்திருக்கும் ஐஸின் மகிமைக்கு ஒரு கதை. 1833. பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 'டஸ்கனி' கப்பலில் 180 டன் ஐஸ் கிளம்பியது. நாலு மாதக் கடல் பயணம். கம்ப்ரஸரும் கிடையாது, கரண்ட்டும் கிடையாது. வந்து சேர்ந்தது சுமார் 100 டன்! அந்த வியாபாரத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842-ல் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் அதே கட்டடத்தில் விவேகானந்தர் தங்கினார். 9 நாள்!

கரண்ட் போய் உருகிய பண்டத்தைத் திரும்ப உறைய வைக்கலாமா? உள்ளே ஐஸ் துகள் இன்னும் நறநறவென்று இருந்தால் தாராளமாக! முழுக்க உருகி, வெளிச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததா? குப்பைக்குத்தான். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது. தூங்க வைக்கும், அவ்வளவுதான்!

அடுக்குவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். டப்பா வேண்டாம். ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி எடுத்து, தட்டில் பரப்பி அப்பளம் போலத் தட்டையாக உறைய விடுங்கள். கல்லான பிறகு நிமிர்த்தி வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் தலையைக் காட்டும்! பிதுக்கிய பருப்பை முதலில் தட்டில் தனித்தனியாக உறைய விட்டு, அப்புறம் கவரில் கொட்டுங்கள். வேண்டியபோது ஒரு பிடி மட்டும் அள்ளலாம். கட்டியாக உறைந்ததை அம்மிக் குழவியால் உடைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன!

பெட்டி வகை ஃப்ரீசரின் அடி ஒரு பாதாளம். அதற்கு மருந்து துணிப்பை! காய்க்குப் பச்சைப் பை, மீனுக்கு நீலம், தேங்காய்க்கு மஞ்சப்பை. காதைப் பிடித்துத் தூக்கினால் மொத்தக் கூட்டமும் மேலே வரும். கறியும் மீனும் அடியில். சமைத்த பண்டம் மேலே. இதை மாற்றாதீர்கள்!

பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். சாதா ஸ்டிக்கர் குளிரில் உரிந்து விழும். மாஸ்கிங் டேப், அழியாத மார்க்கர். இரண்டும் ஃப்ரீசர் மேலேயே கிடக்கட்டும். உள் அறைக்குப் போய்த்தான் பேனா எடுக்க வேண்டும் என்றால் யாரும் எழுத மாட்டார்கள். உறைந்த ரசமும் உறைந்த புளித்தண்ணீரும் பார்க்க ஒன்றேதான்!

ஐஸ் டிரேயின் ஒரு குழியில் சுமார் இரண்டு மேசைக்கரண்டி பிடிக்கும். 30 மில்லி! தேங்காய்ப்பால், இஞ்சி பூண்டு விழுது, புளிக்கரைசல் என்று குழி குழியாக ஊற்றி வையுங்கள். அளவு பார்க்கும் வேலையே இல்லை!

கறிவேப்பிலை கறுத்துப் போகும். போகட்டும்! உருக விடாமல் நேரே எண்ணெயில் போடுங்கள், வாசனை வீடு முழுக்கப் பரவும்.

சாம்பாரை உறைய வைக்கலாம். அதிலிருக்கும் உருளைக்கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிட்டு! அது பஞ்சாகிவிடும். தயிர் திரியும். அவித்த முட்டை ரப்பராகும். ஓட்டோடு வைத்த பச்சை முட்டை வெடிக்கும்!

தேன் கல்லாக உறையவே உறையாது! சும்மா இறுகும். 40 சதவீதச் சரக்கும் அப்படித்தான். அதற்கு மைனஸ் 27 வேண்டும். பெங்களூரில் இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன!

ரவையில் வண்டா? மூடிக் கட்டி மைனஸ் 18-ல் 4 நாள் வையுங்கள். முட்டை முதற்கொண்டு காலி! இதே வைத்தியத்தை 1977-ல் புத்தகத்துக்குச் செய்தது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக பெய்னக்கெ நூலகம். வண்டு விழுந்த அரிய நூல்களை மொத்தமாக உறைய வைத்தார்கள்! கேழ்வரகுக்கு மட்டும் இந்தப் பாடு வேண்டாம். பூச்சி அண்டாத தானியம். இந்தியக் கேழ்வரகில் பாதிக்கு மேல் விளைவது கர்நாடகத்தில்தான்!

கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் பசவனகுடி கடலேகாய் பரிஷே, அதாவது வேர்க்கடலைத் திருவிழா. பச்சை வேர்க்கடலையை உப்புப் போட்டு அவித்து, வடித்து, உறைய வையுங்கள். மே மாதம் ஸ்ரீநிவாசபுரத்து மாம்பழம் குவியும்போது சாறு பிழிந்து தட்டைப் பையில் ஊற்றுங்கள். ஜனவரியில் அவரை. வருடம் மூன்று முறை நிரம்பும் ஃப்ரீசர்!

சிவாஜி நகர் ரசல் மார்க்கெட், 1927-ல் கட்டியது. அங்கே வாங்கிய மத்தியும் அயிலையும் இரண்டு மூன்று மாதம்தான் ருசி தாங்கும். எண்ணெய் மீன்! கொழுப்பு இல்லாத மீன் 6 மாதம் வரை. கோழித் துண்டு 9 மாதம். முழுக் கோழி ஒரு வருடம்! இதெல்லாம் ருசிக் கணக்கு. மைனஸ் 18-ல் விடாமல் இருந்தால் கெட்டுப்போவதற்குக் காலக்கெடுவே இல்லை!

பெங்களூரிலேயே அதிகக் குளிரான இடம் உங்கள் யுடிலிட்டி என்று மார்தட்ட வேண்டாம். இந்த ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் இஸ்ரோவின் ராக்கெட்டில் ஊற்றும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253! அதையும் அடித்துவிட்டது சதாசிவ நகரில் இருக்கும் ராமன் ஆராய்ச்சிக் கழகம். நம்ம சர் சி.வி. ராமன் 1948-ல் தொடங்கியது. அங்கே அணுக்களை லேசர் ஒளியாலேயே குளிர்விக்கிறார்கள். ஆமாம், வெளிச்சம் போட்டுக் குளிர்விக்கிறார்கள்! இயற்கையின் கடைசி எல்லை மைனஸ் 273.15. அதைத் தொட இவர்களுக்கு மிச்சம் இருப்பது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!